14,500 ரூபாய் போச்சு: வேக வாசிப்பு கோர்ஸில் சேரப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்

"ரீஃபண்ட் பாலிசிப்படி உங்களுக்குத் தகுதியில்லை" என்று நேற்று சாயங்காலம் கடைசி பதில் வந்துவிட்டது. வயிற்றெரிச்சல் அடங்கவில்லை, அதனால் சூட்டோடு சூடாக எழுதுகிறேன். கோர்ஸ் நடத்துகிறவர்களின் பெயர் போடவில்லை. இன்ஸ்டாவில் விளம்பரம் போட்டு, 99 ரூபாய்க்கு ஜூமில் வெபினார் வைத்து, அங்கிருந்து பெரிய கோர்ஸுக்கு ஆள் பிடிக்கிற ரகம். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர்கள் போனில் இந்த விளம்பரம் வராமல் இருக்காது.

"நிமிஷத்துக்கு 1,500 வார்த்தை, புரிதல் குறையாது" என்பதுதான் அவர்கள் சொன்னது. வேலைக்கும் போய்க்கொண்டு ஆறாம் வகுப்பிலிருந்து சமச்சீர் புத்தகங்களை வரி விடாமல் படிக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நம்ப வைத்த விதத்தைச் சொல்கிறேன். வெபினாரில் முதலில் ரெப்போ விகிதம் (வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கு ரிசர்வ் வங்கி வாங்கும் வட்டி) பற்றி ஒரு பத்தி கொடுத்து நேரம் பார்த்தார்கள். நிமிஷத்துக்கு 140 வார்த்தை வந்தது, ஐந்து கேள்வியில் இரண்டுதான் சரி. பிறகு சார் கண் பயிற்சி என்று ஏதோ சொல்லிக்கொடுத்தார். அடுத்து இரண்டாவது பத்தி. 400 வார்த்தை, ஐந்துக்கு ஐந்து! சாட் முழுக்க "வாவ் சார்", "சூப்பர் சார்". இரண்டாவது பத்தி என்ன தெரியுமா? தெனாலிராமன் பூனை வளர்த்த கதை. கேள்வி: "பூனை ஏன் பாலைக் கண்டு ஓடியது?" இதற்குப் பத்தியைப் படிக்கவே வேண்டாமே. அது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை, ஏனென்றால் அந்தச் சூட்டிலேயே "24,999 கோர்ஸ், இன்று இரவு 12 மணி வரை 14,500" என்று ஸ்லைடு வந்துவிட்டது. உடனே கவுன்சலரும் போனில். "பிடிக்கலைன்னா ஏழு நாளில் முழுப் பணமும் திருப்பித் தருவோம் சிஸ்டர்." ஜிபேயில் 14,500 போட்டேன்.

கோர்ஸில் சொல்லிக்கொடுத்தது: வரிக்கு அடியில் விரலை ஓட்டு, மனதுக்குள் உச்சரிக்காதே, படித்த வரிக்குத் திரும்பிப் போகாதே. அமெரிக்காவில் ஈவ்லின் வுட் என்ற அம்மையார் 1959-லேயே ஆரம்பித்து விற்ற சரக்குதான் இது. அப்புறம் அவர்களுடைய ஆப். பத்தி வரும், "முடித்தேன்" என்று ஒரு பட்டன், அமுக்கினால் வேகம் காட்டும். ஒருநாள் சும்மா திறந்தவுடனே அமுக்கிப் பார்த்தேன். 9,000 வார்த்தை என்று காட்டி, பூ தூவி, "நீங்கள் ஜீனியஸ்" என்றது!

இந்த முறையில் பத்தாம் வகுப்பு வரலாற்றை ஓட்டிவிட்டு டெஸ்ட் பேட்சில் மாதிரித் தேர்வு எழுதினேன். திருச்சிராப்பள்ளி பிரகடனத்தை 1806-க்கும் வேலூர் புரட்சியை 1801-க்கும் பொருத்தி வைத்திருக்கிறேன், இரண்டும் தலைகீழ். "தவறான கூற்று எது" என்று கேட்ட இடங்களில் சரியான கூற்றைக் குறித்திருக்கிறேன். பெயர்கள் கண்ணில் பட்ட ஞாபகம் இருக்கிறது, விஷயம் தலையில் ஏறவில்லை.

அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். கண் ஒரு இடத்தில் நிற்கும்போது தெளிவாகத் தெரிவது சில எழுத்துகள்தான். கால் நொடி போல நின்று, தாவி, மறுபடி நிற்கும். பக்கம் முழுவதையும் ஒரே பார்வையில் அள்ளுவதெல்லாம் கண்ணால் ஆகாத காரியம். புரியாத வரிக்குத் திரும்பிப் போவதைத் தடுத்தால் புரிதல்தான் அடிபடும். ஆங்கிலம் படிக்கிற பெரியவர்களின் சராசரியே நிமிடத்துக்கு 238 சொல் என்கிறது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு. வேகம் இரண்டு மூன்று மடங்கானால் புரிதல் குறையும் என்று வாசிப்பை ஆராய்ந்த உளவியலாளர் கீத் ரேனர் குழுவினர் 2016-லேயே எழுதிவிட்டார்கள். சொல்வளமும் பாடத்தில் முன்பரிச்சயமும் கூடினால் வேகம் தானாக வருமாம். அதற்கு எதற்கு 14,500?

ஏழு நாள் முடிவதற்குள்ளேயே பணத்தைக் கேட்டேன். "டீம் தொடர்புகொள்ளும்" என்றார்கள், ஒருவரும் கூப்பிடவில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் வரும். விடாமல் கேட்டதும் சிஸ்டர் போய் மேடம் ஆனேன். "உங்க மைண்ட்செட்தான் பிரச்சினை மேடம், மத்தவங்களுக்கெல்லாம் ஒர்க் ஆகுதே." கடைசியில் விதிமுறை பிடிஎஃப் அனுப்பினார்கள்: 80 சதவீத வகுப்புகளில் கலந்துகொண்டவர்களுக்கு மட்டுமே ரீஃபண்ட். கோர்ஸ் 21 நாள். ஏழு நாளுக்குள் 80 சதவீதம் எவனால் முடியும்? அதைக் கேட்டதும் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி, 14,500 ரூபாய்!

எப்படிக் கண்டுபிடிப்பது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்: டெமோவில் உங்களிடம் இருக்கும் புத்தகத்திலிருந்து பக்கம் எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். "இன்று இரவு மட்டும்" என்றால் கட்டாதீர்கள். ரீஃபண்ட் வாக்குறுதியை எழுத்தில் வாங்குங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே கட்டியவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுங்கள், நான் கொடுத்துவிட்டேன். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. நான் இன்றைக்கே மனு எழுதி ஆன்லைனில் ஏற்றப் போகிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் மெசேஜ் பண்ணுங்கள், சேர்ந்தே போடலாம்.