கேஸ் எழுதித் தருகிறோம் என்பவர்களிடம் கவனம்

கனடாவில் அகதிக் கோரிக்கை வைத்துவிட்டு ஹியரிங்கிற்குக் காத்திருக்கிற நம் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். என் கேஸ் மறுக்கப்பட்டுவிட்டது. நடக்காத ஒன்றை என் பெயரில் ஒருவர் எழுதி வைத்ததுதான் காரணம்.

2017 பெப்ரவரி 20 அன்று, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் போராட்டம் தொடங்கினார்கள். அந்தக் கொட்டகையில் அம்மாவுடன் நானும் இருந்தேன். அம்மாவின் மடியில் அண்ணாவின் படம். மனுக்கள் எழுதுவது என் வேலை. அப்புறம் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவினர் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். மூன்று தடவை விசாரித்தார்கள். அடிக்கவில்லை. கடைசித் தடவை, “அண்ணா போன இடத்துக்கு நீயும் போக வேணுமா?” என்று கேட்டார்கள். டொரோண்டோ பியர்சன் விமான நிலையத்தில் அதிகாரியிடம் இதைத்தான் சொன்னேன்.

ஸ்காபரோவில் தெரிந்தவர் ஒருவர் ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார். 3,500 டொலர் காசாக வாங்கினார்கள், பற்றுச்சீட்டு இல்லை. அங்கிருந்த அண்ணை பத்து நிமிடம் கேட்டுவிட்டு, “தம்பி, இது காணாது. உள்ளுக்கு இருந்தால்தான் கேஸ் நிற்கும். நான் பார்த்து எழுதுறன், நீர் கையெழுத்தை வையும்” என்றார். அகதிக் கோரிக்கைப் படிவத்தை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டியதாக அங்கே வேலை செய்த பெண் கையெழுத்திட்டார். ஒரு வரிகூட வாசிக்கவில்லை. நானும் கையெழுத்து வைத்தேன். பிரதிநிதியின் பெயர் எழுதும் இடம் வெறுமையாகவே கிடந்தது.

ஹியரிங் கணினித் திரையில் நடந்தது. “2014இல் பூசா முகாமில் எத்தனை நாள் வைத்திருந்தார்கள்?” மொழிபெயர்ப்பாளர் இதைத் தமிழில் சொன்னதும் எனக்கு நா வறண்டுவிட்டது. அந்தத் தடுப்பு முகாமை நான் கண்டதே இல்லை. அது படிவத்தில் அண்ணை எழுதி வைத்தது. கைது செய்யப்படவில்லை என்று விமான நிலையக் குறிப்பில் இருக்கிறதே என்று, கேஸை விசாரித்த குடிவரவு அகதிகள் சபை உறுப்பினர் அடுத்துக் கேட்டார். அதற்குப் பிறகு கொட்டகை, விசாரணை, அண்ணா எதையும் அவர் நம்பவில்லை.

லீகல் எய்ட் மூலம் கிடைத்த லோயர் சொன்னதைக் கேட்டபோதுதான் வயிறு பற்றி எரிந்தது. உள்ளே இருந்திருக்க வேண்டும், அடிவாங்கியிருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லையாம். திரும்பிப் போனால் அரசியல் கருத்து, இனம் போன்ற ஒரு காரணத்துக்காகத் துன்புறுத்தப்பட நியாயமான வாய்ப்பு இருந்தால் போதும். அது ஐம்பது வீதத்துக்கு மேல் என்றுகூட நிரூபிக்கத் தேவையில்லை. எனக்கு ஓர் அரசியல் கருத்து இருப்பதாக அரசு நினைத்தாலே அது கணக்கில் வரும் என்று வார்ட் வழக்கில் 1993இலேயே கனடிய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சத்தியம் செய்து சொல்வதைச் சந்தேகிக்கக் காரணம் இல்லையென்றால் உண்மையென்றே எடுக்க வேண்டும். அந்தக் காரணத்தை அந்த அலுவலகம்தான் உண்டாக்கியது. என் உண்மையே போதுமாக இருந்திருக்கும்.

மறுப்பு வந்ததும் அந்த அலுவலக அண்ணை, “அவசரமில்லை, பார்ப்பம்” என்றார். எழுத்தில் காரணங்கள் கைக்கு வந்து 15 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவித்தல் கொடுக்க வேண்டும். எனக்கு லோயர் கிடைத்தது 11ஆம் நாள்.

காசு வாங்கிக்கொண்டு சபை முன் நிற்க எல்லோருக்கும் அனுமதி இல்லை. லோயர் என்றால் சட்டச் சங்கத்தின் பட்டியலிலும், ஆலோசகர் என்றால் குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் பட்டியலிலும் பெயர் இருக்கும். இணையத்தில் நீங்களே பார்க்கலாம். ஆலோசகருக்குச் சபை முன் வருவதற்கான தனி உரிமமும் வேண்டும்.

படிவத்தில் பிழை இருந்தால் ஹியரிங்கிற்குக் குறைந்தது 10 நாளுக்கு முன் சபைக்குக் கிடைக்கும்படி திருத்தி அனுப்பலாம். பிரதி உங்களிடம் இல்லையென்றால் இன்றைக்கே போய் வாங்குங்கள். அந்த அலுவலகத்தோடு சம்பந்தமில்லாத, தமிழ் தெரிந்த ஒருவரை முதல் வரியிலிருந்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.