ஓவர்லேப் ஃபெர்மியானோடு ஆறு வருடம்

லாட்டிஸில் (இட-காலத்தைப் புள்ளிக் கட்டமாக்கிக் கணினியில் போடும் முறை) கைரல் அனாமலியை, அதாவது வலக்கை, இடக்கைத் துகள்களுக்கான சமச்சீர் குவாண்டம் விளைவால் உடைவதை, பார்க்க எந்த ஃபெர்மியானை (எலக்ட்ரான், குவார்க் போன்ற துகளுக்கான லாட்டிஸ் வடிவம்) எடுக்கலாம் என்று யார் கேட்டாலும் ஓவர்லேப் என்றுதான் சொல்வேன், கணினி நேரம் கையில் இருந்தால்.

நான் தொடங்கியது வகைக்கெழுவுக்குப் பதில் பக்கத்துப் புள்ளிகளின் வித்தியாசத்தைப் போடும் நேய்வ் ஃபெர்மியானில். ஒரு துகள் கேட்டால் நான்கு பரிமாணத்தில் 16 வந்து நிற்கும். கூட்டம் கூடினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் அவை எட்டு வலக்கை, எட்டு இடக்கை என்று பிரிந்து ஒன்றின் அனாமலியை மற்றது அடித்துவிடும், மொத்தம் பூஜ்யம். அனாமலி இல்லாவிட்டால் நியூட்ரல் பையான் இரண்டு ஃபோட்டானாகச் சிதையும் வேகத்துக்குக் கணக்கே கிடையாது. அப்புறம் வில்சன் ஃபெர்மியான். உபரிகளைக் கனமாக்கி ஓரங்கட்டும், தொடர்ச்சி எல்லையில் அனாமலி சரியாகவே வரும், ஆனால் கைரல் சமச்சீர் போய்விடும், குவார்க் நிறையைச் சரிசெய்வதே தனி வேலை. உபரி இல்லாமையும் கைரல் சமச்சீரும் ஒருசேரக் கிடைக்காது என்று 1981-லேயே நீல்சனும் நினோமியாவும் நிறுவிவிட்டார்கள்.

அந்தத் தடையைச் சுற்றிப் போகும் வழி 1982-ல் கின்ஸ்பார்க், வில்சன் எழுதிய சமன்பாட்டிலேயே இருந்தது, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1998-ல் நியூபெர்கர் அதற்கு ஓவர்லேப் தீர்வு தந்தார், அதே வருடம் லூஷர் அதில் திருத்திய கைரல் சமச்சீர் துல்லியமாக இருப்பதையும், அனாமலி பாதைத் தொகையீட்டின் ஃபெர்மியான் அளவையிலிருந்தே (measure) வருவதையும் காட்டினார்.

படிப்பது வேறு, ஓட்டிப் பார்ப்பது வேறு. இரு பரிமாண ஷ்விங்கர் மாதிரியில் (ஒரு இடம், ஒரு காலம் மட்டும் உள்ள மின்னியக்கவியல்) 16×16 லாட்டிஸ் எடுத்தால் அணி வெறும் 512×512, லேப்டாப்பே போதும். லாட்டிஸின் மிகச்சிறு சதுரங்களான பிளாக்கெட்களின் புலக் கோணங்களைக் கூட்டி 2π-யால் வகுத்தால் வரும் முழு எண்ணும், ஓவர்லேப்பின் பூஜ்ய ஐகன்மதிப்புகளில் வலக்கை இடக்கை வித்தியாசமும், குறியை விட்டுவிட்டால், வழவழப்பான புலக் கான்ஃபிகரேஷன்களில் அச்சாக ஒத்துப்போகும். முதல் தடவை பார்த்தபோது எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். அதற்கு முன்னால் இரண்டு வாரம் எல்லாவற்றுக்கும் பூஜ்யமே வந்தது தனிக்கதை: ஓவர்லேப்புக்கு உள்ளே அடித்தளமாக இருக்கும் வில்சன் அணியின் (கெர்னல்) நிறை மைனஸில் இருக்க வேண்டும், நான் பிளஸ் போட்டிருந்தேன்.

குறை என்றால் வேகம்தான். கெர்னலுக்கு பூஜ்யத்தை ஒட்டிய ஐகன்மதிப்பு வந்தால் அதன் குறியை (+/−) எடுக்கும் சைன் (sign) ஃபங்ஷன் தவழும், அவற்றைத் தனியாகப் பிரித்து எடுத்தால்தான் வண்டி ஓடும். நான்கு பரிமாணத்தில் என் கையிருப்பு நேரத்துக்கு அது கட்டவில்லை, அதனால் போன வருடம் ஐந்தாவது திசை ஒன்றைச் சேர்க்கும் டொமைன் வால் ஃபெர்மியானுக்கு மாறினேன். ஐந்தாவது திசை முடிவுள்ளது என்பதால் கொஞ்சம் எஞ்சிய நிறை ஒட்டிக்கொண்டே இருக்கிறது, சரி, அதை அளந்து கழித்துக்கொள்கிறேன். லேப்டாப்பில் ஓவர்லேப் நிரலை அழிக்க மட்டும் மனம் வரவில்லை.