கபோடிமோந்தேயா, டோச்சாவா? இத்தாலியப் பீங்கானில் எது மேல்

ஏலத் தளங்களில் இத்தாலியப் பீங்கான் என்று தேடினால் முதலில் வந்து விழும் பெயர் நேப்பிள்ஸின் கபோடிமோந்தே ஆலை. பூங்கொத்துகள், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நாடோடிக் கிழவன், அடியில் நீல நிறத்தில் கிரீடம் வைத்த ‘என்’ (N) எழுத்து. பிளாரன்ஸ் பக்கத்தில் பிறந்த டோச்சா ஆலையின் பெயர் பலருக்குத் தெரியாது, அதைத் தொடங்கியவரின் பெயரான ஜினோரி என்று சொன்னால்தான் “ஓ, அந்தத் தட்டா” என்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு டோச்சாவுக்குத்தான், ஆனால் கபோடிமோந்தேயை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடவும் முடியாது.

இந்தப் போட்டியே மண்ணில்தான் தொடங்குகிறது. சீனர்கள் செய்த உண்மையான பீங்கானுக்குக் கயோலின் என்ற வெண்களிமண்ணும், உருகிக் கண்ணாடிபோல் ஆகும் ஒருவகைக் கல்லும் வேண்டும், சூளையில் 1300 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். இதற்குக் கெட்டிப் பீங்கான் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ரகசியம் தெரியாத ஐரோப்பியர்கள் களிமண்ணோடு மணலையும் கண்ணாடித் தூளையும் கலந்து, கொஞ்சம் குறைந்த சூட்டில் செய்தது மென்பீங்கான். பார்க்க வெண்ணெய்போல் இருக்கும், ஆனால் சூளையில் சற்று சூடு ஏறினாலும் தொய்ந்து கோணிவிடும்.

பிளாரன்ஸை ஆண்ட பிரான்செஸ்கோ மெடிச்சி 1575 வாக்கில் இந்த மென்பீங்கானைத்தான் செய்ய வைத்தார், ஐரோப்பாவில் முதல் வெற்றி என்று சொல்லத்தக்கது. மெருகில் குமிழிகள், கோணல் விளிம்புகள், கலங்கிய நீலம் என்று குறைகள் உண்டு. 1587இல் அவர் இறந்ததோடு கதை முடிந்தது, இன்று எஞ்சியிருப்பவை 60, 70 பொருட்கள்தான். அப்புறம் வெனிஸில் வெட்சி குடும்பம் 1720இல் இறங்கியது. ஜெர்மனியின் மைசென் ஆலையின் ரகசியம் தெரிந்த கிறிஸ்டோப் ஹுங்கர் என்பவரை வைத்துக்கொண்டு, மைசென் இருக்கும் சாக்சனியிலிருந்தே மண்ணை வரவழைத்துக் கெட்டிப் பீங்கானே செய்துவிட்டார்கள். அவர்களுடைய தேநீர்க் கெண்டிகள் அபார அழகு. ஆனால் ஹுங்கர் 1727இல் மைசெனுக்குத் திரும்பிப் போய் விஷயத்தைப் போட்டுக்கொடுக்க, மண் வரத்து நின்றது, ஆலையும் மூடப்பட்டது.

சரி, இப்போது முக்கியப் போட்டியாளர்கள்.

கபோடிமோந்தே அரசனின் ஆலை. நேப்பிள்ஸ் அரசர் கார்லோ 1743இல் தன் அரண்மனைப் பூங்காவுக்குள்ளேயே அமைத்தார். அவருடைய ராணி மரியா அமாலியா, மைசெனைத் தொடங்கிய சாக்சனி மன்னர் அகஸ்டஸின் பேத்தி, அதனால் பீங்கான் மோகம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. கலாப்ரியா மண்ணை வைத்து அவர்கள் செய்தது மென்பீங்கான், அதன் பால் வெள்ளையும் உள்ளிருந்து ஒளி கசிவது போன்ற தன்மையும் டோச்சாவுக்கு ஒருபோதும் வாய்க்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை, கபோடிமோந்தேதான். சிற்பி ஜூசெப்பே கிரிச்சி அந்தக் கலவையின் பலவீனத்தையும் சேர்த்தே வேலை வாங்கினார்: சின்ன உருவங்கள், மழமழவென்ற வளைவுகள், கொஞ்சமாக வண்ணம். 1757 முதல் 1759 வரை ராணிக்காக ஓர் அறையின் சுவர்களையே சீனக் காட்சிகள் கொண்ட பீங்கான் பலகைகளால் போர்த்தினார்கள். போர்டிசி அரண்மனையில் இருந்த அந்த அறை இப்போது கபோடிமோந்தே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1759இல் கார்லோ ஸ்பெயினுக்கு அரசரானார். போகும்போது சிற்பி, ஓவியர்கள், அச்சுகள், டன் கணக்கில் பிசைந்த கலவை எல்லாவற்றையும் மாட்ரிட்டுக்கு அள்ளிக்கொண்டு போனார். 16 வருஷத்தில் உண்மையான கபோடிமோந்தே முடிந்துவிட்டது! அவர் மகன் பெர்டினாண்டோ 1771இல் மறுபடி தொடங்கிய ஆலை 1806 வரை ஓடியது, ஆனால் அது வேறு ஆலை, வேறு கை.

டோச்சாவின் கதை இதற்கு நேரெதிர். மார்க்கீஸ் என்ற பிரபுப் பட்டம் கொண்ட கார்லோ ஜினோரி 1735இல் செஸ்தோ பியோரெந்தினோவில் தன் மாளிகை அருகே தொடங்கினார், அரசுப் பணம் கிடையாது. தானே மண் வகைகளைச் சோதித்தார், வியன்னாவிலிருந்து ஓவியர் ஆன்ரைட்டரை அழைத்து வந்தார். உள்ளூர் மண்ணில் வந்ததோ சாம்பல் நிறம் கலந்த, கொஞ்சம் சொரசொரப்பான கெட்டிப் பீங்கான். அழகில்லைதான். பிற்பாடு அதை மறைக்க வெள்ளீயம் கலந்த வெண்மெருகு பூசிப் பார்த்தார்கள்.

ஆனால் ஜினோரியின் துணிச்சல் வேறு இடத்தில். சொல்தானி, போஜ்ஜினி போன்ற ஆடம்பரமான பரோக் பாணியில் வேலை செய்த பிளாரன்ஸ் சிற்பிகள் வெண்கலத்துக்காக விட்டுப்போன மெழுகு மாதிரிகளையும் அச்சுகளையும் வாங்கி, அதே சிற்பங்களைப் பீங்கானில் வார்த்தார். மெடிச்சி வீனஸ் என்ற புகழ்பெற்ற பழங்காலச் சிலையை ஆளுயரத்தில் செய்தார்கள். பீங்கான் சுடும்போது சுருங்கும், பெரிதாகச் செய்தால் வெடிக்கும், ஆகவே பகுதி பகுதியாகச் சுட்டு ஒட்ட வேண்டும். வெடிப்புகள் கண்ணுக்குத் தெரிகின்றன. எனக்கு அது குறையாகவே படவில்லை. கூடவே, உரு வெட்டிய தகடு வைத்து நீல வண்ணம் ஏற்றிய மலிவான தட்டுகளையும் செய்தார்கள், ஆலைக்குச் சோறு போட்டது இந்த மாதிரிச் சரக்குதான் என்பது என் ஊகம்.

இந்த ஆலை 1896இல் மிலானின் ரிச்சர்ட் நிறுவனத்தோடு இணைந்தது, 1920களில் கட்டடக் கலைஞர் ஜியோ பொன்தி கலை இயக்குநராக வந்து 1925 பாரிஸ் கண்காட்சியில் உயரிய பரிசு வாங்கித் தந்தார், 2013இல் திவாலாகி குச்சி (Gucci) என்ற ஆடம்பரப் பொருள் நிறுவனத்தின் கைக்குப் போனது, இன்னும் செஸ்தோவிலேயே சூளை எரிகிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். கார்லோ காலத்துக் கபோடிமோந்தேயின் முத்திரை லில்லிப் பூ, கிரீடம் வைத்த ‘என்’ அல்ல. அந்த எழுத்து பெர்டினாண்டோ ஆலையில் வந்தது, 19ஆம் நூற்றாண்டில் ஜினோரியே அதைப் போட்டது, இத்தாலியிலும் ஜெர்மனியிலும் இன்னும் பல ஆலைகள் போட்டன. புராணக் காட்சிகளைப் புடைப்பாக வார்த்து வண்ணம் தீட்டிய, ‘கபோடிமோந்தே பாணி’ என்று விற்கப்படும் அந்தக் கோப்பைகள் இருக்கின்றனவே, அந்தப் பாணியே டோச்சாவில் பிறந்ததுதான். ஆகவே அந்த முத்திரையை நம்பி அரச ஆலையின் விலை கொடுக்காதீர்கள்.