ஈர்ப்பு அலை: 2015-ஐச் சொல்வதா, 2017-ஐச் சொல்வதா?

செங்கோட்டைப் பக்கம் பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் ஈர்ப்பு அலை (கனமான விண்பொருள்கள் மோதும்போது விண்வெளியிலேயே கிளம்பிப் பரவும் சிற்றதிர்வு) பற்றிப் பேசப்போகிற ஆசிரியர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: இருப்பது பத்து நிமிடம், 2015-ல் முதன்முதலாகப் பிடிபட்ட அலையா, 2017-ல் பிடிபட்ட இன்னொன்றா, எந்தக் கதையை எடுப்பது?

தேதி: 2015 செப்டம்பர் 14 / 2017 ஆகஸ்ட் 17
மோதியவை: இரண்டு கருந்துளைகள் / இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (வெடித்த பெரிய விண்மீனின் அடர்ந்த மிச்சம்)
தூரம்: சுமார் 130 கோடி ஒளியாண்டு / 13 கோடி
சமிக்ஞை: அரை விநாடிகூட இல்லை / ஏறக்குறைய 100 விநாடி

வரலாறு என்று பார்த்தால் 2015-தான் கனம். ஐன்ஸ்டைன் 1916-ல் கணக்கில் சொன்னது நேரடியாகப் பிடிபட நூறு வருஷம் ஆனது. அதைப் பிடித்த அமெரிக்கக் கருவியான லைகோவுக்கு L வடிவத்தில் இரண்டு கைகள், ஒவ்வொன்றும் 4 கி.மீ., இரண்டையும் நீட்டிப் போட்டால் கிட்டத்தட்ட இங்கிருந்து தென்காசி வந்துவிடும், அவ்வளவு நீளத்தில் அலை உண்டாக்கிய மாற்றமோ ஒரு புரோட்டானைவிடப் பல நூறு மடங்கு சிறியது! அதை அளந்தார்களே, அதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் சிலிர்க்கிறது. 2017-ல் நோபல் பரிசும் வந்தது.

சரி, காட்டுவதற்கு? கருந்துளை மோதலில் படம் எதுவும் கிடைக்கவில்லை. 2017-ல் அலை முடிந்த 1.7 விநாடியில் காமா கதிர் வந்தது, அப்புறம் தொலைநோக்கிகள் அந்த மோதலின் ஒளியையே படம் பிடித்தன. தங்கம் போன்ற கனமான தனிமங்கள் இத்தகைய மோதலில் உருவாகின்றன என்பதற்கும் சான்று கிடைத்தது. இதைச் சொன்னதும் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி தன் கம்மலைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆறாம், ஏழாம் வகுப்புக்கு 2017 போதும். பதினொன்று, பன்னிரண்டு என்றால் 2015-ஐ எடுங்கள், அளந்த விதத்தையே முழு நேரமும் பேசுங்கள்.