தனித்தேனீ பார்க்க 10 மடங்கு கைலென்ஸ்

தனித்தேனீயை (கூட்டமாக வாழாமல் தனியே கூடுகட்டும் தேனீ) இனம்பிரிக்க மூன்றடுக்குக் கண்ணாடி கொண்ட இந்த மடக்கு லென்ஸ் அருமை. 30, 40 என்று பொறித்த மலிவு லென்ஸ்களில் பார்வைப் பரப்பு குறுகி, வெளிச்சமும் மங்கும், வாங்காதீர்கள். இதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, தேனீயை 2.5 செ.மீ. அருகே கொண்டுவர வேண்டும். பறந்துவிடுமே! குப்பியில் பிடித்து ஐந்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தால் அடங்கும். ஃப்ரீசரில் கூடவே கூடாது. பார்த்ததும் விட்டுவிடுங்கள்.

மகரந்தம் சுமக்கும் முடி வயிற்றடியில் இருந்தால் இலைவெட்டித் தேனீக் குடும்பம். பின்னங்காலில் அடர்ந்து, வயிற்றில் நீலப்பட்டைகள் மின்னினால் நீலப்பட்டைத் தேனீ. ஆண்களுக்கு அந்த முடி கிடையாது, அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அப்போது முன்சிறகில் விளிம்பறைக்கு (முன்விளிம்பை ஒட்டி, நுனிப்பக்கம் நரம்புகள் அடைத்த நீண்ட கட்டம்) கீழுள்ள சிற்றறைகளை எண்ணுங்கள்: இலைவெட்டிக் குடும்பத்துக்கு இரண்டு, நீலப்பட்டைத் தேனீக்கு மூன்று. பட்டை நிறத்தை மட்டும் வைத்துச் சிற்றினப் பெயர் சொல்ல முடியாது.

விளக்கு இல்லாதது குறைதான்; நிழலில் சிறகு நரம்பு தெரியாது.