மொஹிட்டோவா, காலின்ஸா? வசந்த கால விருந்துக்கு ஒரு ஜாடிக் கணக்கு

போன வசந்தத்தில் பதினான்கு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டு, எல்லாருக்கும் என் கையால் மொஹிட்டோ (ரம், புதினா, எலுமிச்சை சேர்ந்த காக்டெயில்) என்று வாய்விட்டுவிட்டேன். முதல் மூன்று கிளாஸ் வரை எல்லாம் அழகாகத்தான் போனது. நான்காவதில் புதினாக் கட்டு அவிழ்ந்து மேடை முழுக்கச் சிதறியது. ஆறாவதில், கட்டைவிரலில் இருந்த சின்ன வெட்டுக்காயத்தில் எலுமிச்சைச் சாறு பட்டு சுரீர் என்றது. எட்டாவதைக் கலக்கும்போது முதல் கிளாஸ் வாங்கிப் போனவன் காலி கிளாஸோடு திரும்பி வந்து நின்றான். “என்ன மச்சான், இன்னொரு ரவுண்டு எப்போ?” முதல் ரவுண்டே முடியவில்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வது? அன்று ராத்திரி பாத்திரத் தொட்டியின் சல்லடையில் அடைத்திருந்த புதினாவைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தபோது என் மனைவி சொன்னாள்: “வந்தவங்க யார்கிட்டயும் நீங்க ஒரு வார்த்தை பேசலைங்க.”

உண்மைதான். அதனால் இந்தத் தடவை முதலிலேயே உட்கார்ந்து யோசித்தேன். வெயில் இதமாக இருக்கும் நாள், வெளியே நாற்காலி போட்டு உட்காரும் கூட்டம். அதற்கு எது சரி? மொஹிட்டோ, அப்பெரோல் ஸ்பிரிட்ஸ், பலோமா, டாம் காலின்ஸ் என்று நான்கைப் போட்டிக்கு எடுத்துக்கொண்டேன். ஜின்-டானிக்கைச் சேர்க்கவில்லை. அது யாருக்கும் தெரிந்ததுதான், ஊற்றினால் முடிந்தது, அதில் அலச ஒன்றும் இல்லை.

சுவையைப் பற்றிப் பெரிதாகப் பேசப் போவதில்லை. நான்கும் நல்ல பானங்கள்தான், நான்கும் குளிர்ச்சி, நான்கிலும் நுரை பொங்கும். எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரே கேள்வி: விருந்தாளிகள் வந்து உட்கார்ந்த பிறகு, ஒரு கிளாஸுக்கு என் கைக்கு எவ்வளவு வேலை மிச்சம் இருக்கும்?

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் மொஹிட்டோ முதல் சுற்றிலேயே வெளியேறுகிறது. வெள்ளை ரம் 45 மில்லி, எலுமிச்சைச் சாறு 20 மில்லி, இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு கைப்பிடி புதினா, மேலே சோடா. எழுதினால் ஒரு வரி. ஆனால் ஒவ்வொரு கிளாஸிலும் புதினாவையும் சர்க்கரையையும் போட்டு மரக்கட்டையால் தனித்தனியாக அழுத்த வேண்டும். அதுவும் பக்குவமாக. வாசனை வரும் அளவுக்கு அழுத்தினால் போதும், சட்னிக்கு இடிப்பதுபோல் இடித்தால் கசப்பு இறங்கிவிடும். ஒரு கிளாஸுக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலும் பதினான்கு பேருக்கு 42 நிமிடம். அதற்குள் மதியச் சாப்பாடே முடிந்துவிடும்.

புதினாவை முன்கூட்டியே கசக்கி வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். செய்து பார்த்தேன். கசங்கிய இலையில் காற்று பட்டதும் அது கறுக்கத் தொடங்குகிறது. ஒரு மணி நேரம் கழித்து ஜாடியைத் திறந்தால் குளத்தங்கரைப் பாசி மாதிரி ஒரு நிறம், புல் மணம். சர்க்கரைப் பாகில் புதினாவை ஊறவைத்து வடிகட்டியும் பார்த்தேன். கறுக்கவில்லை, வேலையும் குறைந்தது, ஆனால் குடித்தவர்களில் இருவர் தனித்தனியாக வந்து “பற்பசை ஞாபகம் வருது” என்றார்கள். பிறகு விட்டுவிட்டேன். நான்கு பேர் மட்டும் வரும் மாலைக்கு மொஹிட்டோவை விஞ்ச ஆளில்லை. ஆள் ஆறைத் தாண்டினால் எனக்கு வேண்டாம்.

இந்தக் கணக்கில் ஸ்பிரிட்ஸ்தான் உண்மையான போட்டியாளர். பிரொசெக்கோ (நுரைக்கும் இத்தாலிய வெள்ளை ஒயின்) மூன்று பங்கு, அப்பெரோல் (கசப்பான ஆரஞ்சு நிற மது) இரண்டு பங்கு, சோடா ஒரு பங்கு, ஒரு ஆரஞ்சு வில்லை. அரை நிமிடத்தில் ஒரு கிளாஸ், பிழிவதற்கும் நசுக்குவதற்கும் எதுவும் இல்லை. அப்பெரோல் 1919-இல் இத்தாலியின் பதுவா நகரில் அறிமுகமானது. வெயிலில் அந்த ஆரஞ்சு நிறத்தைப் பார்த்தாலே பாதி பேர் கையை நீட்டிவிடுவார்கள்.

நீட்டிய கையெல்லாம் குடித்து முடிப்பதில்லை என்பதுதான் சிக்கல். அதன் கசப்பு சிலருக்கு உயிர், சிலருக்கு மருந்து. நான் ஒரு தடவை பரிமாறியபோது சுவர் ஓரத்தில் பாதி நிறைந்த கிளாஸ்கள் வரிசையாக நின்றன. ஒரே ஒரு விருந்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, உங்கள் நண்பர்கள் கசப்புப் பிரியர்களாக இருக்கலாம். ஆனால் இன்னொரு விஷயம் இருக்கிறது. பிரொசெக்கோவை முன்கூட்டியே கலந்து வைக்க முடியாது, நுரை போய்விடும். ஒரு பாட்டிலில் எட்டு கிளாஸ்தான் வரும். பதினான்கு பேருக்கு இரண்டு ரவுண்டு என்றால் பிரொசெக்கோ நான்கு பாட்டில், அப்பெரோல் மூன்று பாட்டில். அத்தனையும் ஃபிரிட்ஜில் படுக்க வேண்டும். எங்கள் ஃபிரிட்ஜில் அவ்வளவு இடம் கிடைக்க வேண்டுமானால் மற்றதெல்லாம் வெளியே வர வேண்டும்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பிரிட்ஸ் லேசானது, எத்தனை குடித்தாலும் ஏறாது என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்பெரோல் 11 சதவீதம், பிரொசெக்கோவும் பெரும்பாலும் 11 சதவீதம். ஒரு கிளாஸில் அப்பெரோல் 60 மில்லியும் பிரொசெக்கோ 90 மில்லியும் சேர்ந்தால் 16.5 மில்லி சுத்தமான ஆல்கஹால். மொஹிட்டோவில் 40 சதவீத ரம் 45 மில்லி, அதாவது 18 மில்லி. வித்தியாசம் ஒன்றரை மில்லிதான். “இது வெறும் ஜூஸ் மாதிரிதானே” என்று மூன்றாவதை எடுப்பவரிடம் இதைச் சொல்லி வையுங்கள். காரில் வந்தவராக இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

பலோமாவுக்கு என் இரண்டாவது இடம். டெக்கீலா, கிரேப்ஃப்ரூட் (ஆரஞ்சு இனத்துக் கசப்புப் பழம்) சோடா, கொஞ்சம் எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. அந்த உப்புதான் விஷயமே. அது இல்லாமல் ஒரு தடவை, போட்டு ஒரு தடவை குடித்துப் பாருங்கள். டெக்கீலா என்றதும் இளமையில் பட்ட அடி நினைவுக்கு வந்து ஒதுங்குகிறவர்கள் இருப்பார்கள், அது பானத்தின் தவறில்லை. வேறு ஒரு எச்சரிக்கை உண்டு: கொலஸ்ட்ராலுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் மாத்திரைகளில் சிலவற்றோடு கிரேப்ஃப்ரூட் சேரக் கூடாது. குடலில் அந்த மருந்தைச் சிதைக்கும் நொதியை அது தடுப்பதால், ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பாராமல் ஏறிவிடும். ஐம்பதைத் தாண்டியவர்கள் வரும் விருந்தில் ஒவ்வொருவரிடமும் மாத்திரைச் சீட்டைக் கேட்டுக்கொண்டா இருக்க முடியும்? இளவட்டக் கூட்டம் என்றால் பலோமாவை யோசிக்கலாம்.

சரி, காலின்ஸுக்கு வருகிறேன். ஜின், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, சோடா. புதுமை எதுவும் இல்லை. 1876-லேயே செய்முறை அச்சில் வந்துவிட்ட பழைய பானம். அதற்கு இரண்டு வருடம் முன்பு நியூயார்க்கில், “டாம் காலின்ஸ் என்று ஒருத்தன் உன்னைப் பற்றிக் கண்டபடி பேசிக்கொண்டிருக்கிறான், அடுத்த பாரில்தான் இருக்கிறான்” என்று நண்பர்களை உசுப்பிவிட்டு, இல்லாத ஆளைத் தேடி அலையவிடும் குறும்பு ஒன்று நடந்தது. என் மச்சான் அந்தக் காலத்தில் பிறந்திருக்க வேண்டியவன்.

காலின்ஸை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், சோடாவைத் தவிர மற்ற மூன்றையும் காலையிலேயே ஜாடியில் கலந்து ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம் என்பதுதான். விருந்து நேரத்தில் கிளாஸில் ஐஸ், ஜாடியிலிருந்து பாதி, மேலே சோடா, ஒரு கலக்கு. பத்து விநாடி. இரண்டாவது ரவுண்டுக்கு நான் வேண்டியதே இல்லை. ஜாடியையும் சோடாவையும் மேசையில் வைத்துவிட்டால் அவரவரே ஊற்றிக்கொள்வார்கள்.

என் அளவு இது. 750 மில்லி ஜின் ஒரு பாட்டில் முழுதாக, எலுமிச்சைச் சாறு 480 மில்லி, சர்க்கரையும் தண்ணீரும் சமமாகக் கரைத்த பாகு 320 மில்லி. பதினாறு கிளாஸ் வரும். வழக்கமான செய்முறையில் பாகு இதைவிடக் குறைவு, கிளாஸுக்கு 15 மில்லிதான். எனக்கு அது பல்லைக் கூச வைக்கிறது, அதனால் 20. நீங்கள் 15-இல் தொடங்கி நாக்கு சொல்கிறபடி ஏற்றுங்கள். பிறகு சேர்க்கலாம், எடுக்க முடியாது.

எலுமிச்சையில் ஒரு குழப்பம் வரும். லைம், லெமன் இரண்டையுமே நாம் தமிழில் எலுமிச்சை என்றுதான் சொல்கிறோம். மொஹிட்டோவுக்குப் பச்சைத் தோல் சின்னக் காய். காலின்ஸுக்குத் தடித்த மஞ்சள் தோல் உள்ள பெரிய பழம். ஒரு பழத்துக்கு 40 மில்லி வரும், ஆக ஒரு டஜன் வாங்கினால் சரியாக இருக்கும். பிழிவதற்கு முன் தோலை மட்டும் மெல்லிசாக, வெள்ளைப் பகுதி வராமல் சீவி எடுத்து, பாகுக்கான சர்க்கரையோடு பிசைந்து மூடி வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் தோலின் எண்ணெய் இறங்கிச் சர்க்கரை ஈர மணல்போல் பளபளக்கும். அந்தச் சர்க்கரையில் தண்ணீர் ஊற்றிக் கரைத்து, தோலை வடித்துவிட்டால் வரும் பாகின் வாசனை கதவைத் தாண்டும். இந்த ஒரு படியைச் செய்தீர்களானால் சாதாரண ஜின்னே போதும். பாகு ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாராளமாக இருக்கும். சாறு அப்படி இல்லை, அன்று பிழிந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். முந்தின நாள் சாறு மறுநாள் மந்தமாகிவிடுகிறது.

சோடா பல்லைக் கூச வைக்கும் அளவுக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். வாயு குளிர்ந்த நீரில்தான் தங்கும், வெதுவெதுப்பான சோடாவை ஐஸ் மேல் ஊற்றினால் பொங்கி எழுந்து அப்படியே செத்துவிடும். ஐஸ் பெரிய கட்டியாக இருந்தால் மெதுவாகக் கரையும். ஆளுக்கு அரைக் கிலோவாவது வேண்டும். அதிகமாக இருக்கிறதே என்று தோன்றும், இருந்தும் கடைசியில் பற்றாது. காலின்ஸ் கொஞ்சம் கரைந்தாலும் எலுமிச்சைச் சாறு போலக் குடிக்கலாம். ஸ்பிரிட்ஸ் கரைந்தால் தித்திப்புத் தண்ணீர், அவ்வளவுதான்.

அப்புறம் இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய நிம்மதி. குடிக்காதவர்களும் வண்டி ஓட்டுபவர்களும் ஒவ்வொரு விருந்திலும் உண்டு. அவர்களுக்கென்று ஆறிப்போன குளிர்பானத்தை ஓரமாக வைப்பது எனக்கு எப்போதும் உறுத்தும். ஜின்னை விட்டுவிட்டால் காலின்ஸ் ஒரு அருமையான எலுமிச்சை சோடா. அதே பாகு, அதே கிளாஸ், அதே அலங்காரம், பார்க்க வித்தியாசமே தெரியாது. வித்தியாசம் தெரியாததே ஆபத்தும் ஆனது. ஒத்திகை பார்த்த மாலையில் இரண்டு ஜாடியையும் பக்கத்தில் வைத்திருந்தேன், ஒரு எட்டு வயதுப் பையன் தப்பான ஜாடியின் கைப்பிடியைப் பிடித்துவிட்டான். நல்லவேளை, அவன் அம்மா பார்த்தார். இப்போது ஜின் கலந்த ஜாடியில் மட்டும் வெள்ளரி வில்லைகள் மிதக்கும், கழுத்தில் சிவப்பு நாடா கட்டியிருக்கும், உயரமான மேடையில் இருக்கும். வெறும் ஜாடி கீழ் மேசையில்.

பிம்ஸ் கப்பை (பிம்ஸ் என்ற ஜின் வகை மதுவில் கலப்பது) ஏன் சேர்க்கவில்லை என்று ஒருவர் கேட்டார். இரண்டு தடவை பிறர் வீட்டில் குடித்திருக்கிறேன், நன்றாகவே இருந்தது. பிம்ஸ் ஒரு பங்குக்கு மூன்று பங்கு லெமனேட், வேலையும் குறைவு. வெள்ளரி, ஸ்ட்ராபெர்ரி என்று நறுக்குகிற வேலை மட்டும் கொஞ்சம் கண்ணில் பட்டது. ஆனால் நானே கலந்து பரிமாறியதில்லை, அதனால் அதற்கு மதிப்பெண் போடவில்லை.

இந்த வருடம் பதினாறு பேர். பாகு நேற்றே தயார், எலுமிச்சை கூடையில் இருக்கிறது. மச்சான் மட்டும் போனில், “எனக்கு மொஹிட்டோதான் வேணும்” என்று அடம் பிடித்தான். சரி வா என்றேன். ரம்மும் புதினாவும் வாங்கி வைத்திருக்கிறேன், மரக்கட்டையைக் கழுவி மேடையில் வைத்திருக்கிறேன். அவனே இடித்துக்கொள்ளட்டும்.