நூல் பாசியை யார் அடக்குவது: துகளா, கீட்டோவா, நத்தையா?

கடல்நீர் மீன் தொட்டியில் பாறை மேல் படரும் பச்சை நூல் பாசியை அடக்கும் மூன்று வழிகளைப் பற்றிய கதை இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கீட்டோ கட்சி. கடல்நீர்த் தொட்டி வைத்து மூன்று வருடம் ஆகிறது. முதல் வருடம் பாஸ்பேட்டை உறிஞ்சும் துகளை நம்பினேன். அதற்கப்புறம் சம்ப்பில், அதாவது கீழே வைக்கும் துணைத் தொட்டியில், வளரும் கீட்டோ என்ற பாசியை நம்புகிறேன். நத்தைகள் இரண்டு ஆட்சியிலும் பதவியில் இருந்தன.

தொட்டி பெரிதல்ல. இரண்டரை அடி நீளம், கீழே இருக்கும் சம்ப்பையும் சேர்த்தால் சுமார் 110 லிட்டர். ஒரு ஜோடி கோமாளி மீன், காளான் பவளம், கொஞ்சம் ஸொயாந்தஸ் பவளம். பாறை எல்லாம் செயற்கை. ராமேஸ்வரம் பக்கம் போய் ஒரு துண்டு பவளம் எடுத்து வந்தால் என்ன என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கல் பவளங்கள் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன, எடுப்பது குற்றம். அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

தொட்டியில் வந்திருப்பது எந்தப் பாசி என்று தெரியாமல் வைத்தியம் பார்க்கக் கூடாது. புதுத் தொட்டியில், மணல் மேல் புழுதி படிந்த மாதிரி பழுப்பாக இருந்தால் டயாட்டம். தேய்த்தால் போய்விடும், சிலிக்கேட் தீர்ந்ததும் தானே அடங்கும். மெரூன் நிறத்தில், பாலாடை போல ஒரே படலமாக உரிந்து வந்தால் சயனோ. அது பாசியே அல்ல, பாக்டீரியா. ஓட்டமில்லாத மூலையில்தான் முதலில் பிடிக்கும்; குழாய் வைத்து உறிஞ்சிவிட்டு அந்த மூலைக்கு ஓட்டம் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. பச்சை ஜவ்வரிசி மாதிரி பளபளப்பது வலோனியா, உடையாமல் முழுசாகப் பெயர்க்க வேண்டும். மெல்லிய பச்சை இழைகள் கொத்தாக ஆடினால் நூல் பாசி. அதே இழை சின்ன இறகு போல இருபக்கமும் கிளைத்திருந்தால் பிரையாப்சிஸ். அதற்கு ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைப் போடும் வழக்கம் உண்டு. எனக்கு அது வந்ததில்லை, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

வேறொன்று என்று தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதது டைனோ என்ற ஒருசெல் உயிர். பழுப்பு நிறச் சளி, நுனியில் காற்றுக் குமிழி, இரவில் குறைந்து மதியத்துக்குள் திரும்ப வந்துவிடும். சந்தேகம் இருந்தால் கொஞ்சம் உறிஞ்சி ஒரு பாட்டிலில் போட்டுக் குலுக்குங்கள். டிஷ்யூ பேப்பரில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வையுங்கள். தெளிந்த தண்ணீரில் மறுபடி நூல் நூலாகத் திரண்டால் அது டைனோதான். இங்கே நான் ஒப்பிடப் போகும் மூன்றுமே அதற்கு உதவாது. துகள் அதை வரவழைக்கவும் செய்யும். அது எனக்கு நடந்தது, கீழே வருகிறேன்.

குறைவாகத் தீனி போடுங்கள், விளக்கை எட்டு மணி நேரத்துக்கு மேல் எரிக்காதீர்கள், வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். இதெல்லாம் எல்லோரும் சொல்வது. மதுரைக்காரர்களுக்கு மட்டும் ஒன்று கூடுதலாக: ஆவியாகும் தண்ணீர். தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வாங்கக் கட்டுப்படியாகாமல் நான் தொட்டி மேல் சின்ன ஃபேன் மாட்டியிருக்கிறேன். சித்திரை, வைகாசியில் நாளுக்கு இரண்டு லிட்டர் போய்விடும், மாதம் அறுபது. போவது வெறும் தண்ணீர். ஈடுகட்ட ஊற்றும் தண்ணீரில் இருக்கும் நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் தொட்டியிலேயே தங்கிவிடும். போர் தண்ணீர் பேச்சுக்கே இடமில்லை. வீட்டு ஆர்ஓ மெஷினும் போதாது. ருசிக்காகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைக் கலந்துவிடும்படிதான் பல மெஷின்களை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பின்னால், மிச்சமிருக்கும் உப்புகளைப் பிடிக்கும் டிஐ ரெசின் குழாய் ஒன்று போட்டு, டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் மற்ற வைத்தியம். கேன் தண்ணீரையும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சரி, துகள். அது இரும்பு ஆக்சைடு, துரு நிறம். அலசி, ரியாக்டர் குழாயில் போட்டு, மெல்லப் புரளும்படி ஓட்டம் விட்டால் தண்ணீரில் இருக்கும் பாஸ்பேட் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும். வேகத்தில் இதற்கு இணை இல்லை. என் தொட்டியில் 0.25 பிபிஎம் இருந்தது இரண்டே வாரத்தில் 0.05-க்கு இறங்கியது. தினமும் கண்ணாடி துடைத்த இடத்தில், நாலு நாளைக்கு ஒருமுறை துடைத்தால் போதும் என்று ஆனது. அப்போது யாராவது கீட்டோ என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அதன் குறை என்னவென்றால், நிரம்பிய துகளும் புதுத் துகளும் பார்க்க ஒன்றுதான். மாதம் ஒன்றோ ஒன்றரையோ ஆனால் மாற்ற வேண்டும் என்பார்கள், ஆனால் அது தீனியைப் பொறுத்தது. சோதனை செய்தால்தான் தெரியும். சோதனைக் கிட் என்றால், வெளிர்நீலத்துக்கும் இன்னும் கொஞ்சம் வெளிர்நீலத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்லும். முதல் வருடச் சித்திரைத் திருவிழாவுக்கு வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அழகர் ஆற்றில் இறங்கிய களைப்பில் பெரியவர்கள் தூங்க, பிள்ளைகள் மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டே இருந்தார்கள். பத்து நாள் நான் தொட்டியைக் கவனிக்கவில்லை. துகள் என்றைக்கோ நிரம்பிவிட்டது போல. வைகாசி பிறந்தபோது பாறை முழுக்க விரல் நீளத்துக்கு நூல் பாசி.

கோபத்தில் இரண்டு மடங்கு துகள் போட்டேன். எட்டாம் நாள் சோதித்தால் பாஸ்பேட் பூஜ்யம், நைட்ரேட்டும் பூஜ்யம். எனக்கு ஒரே பெருமை. அடுத்த வாரம் மணல் மேல் பழுப்புச் சளி, குமிழியோடு. இரண்டு டர்போ நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்து செத்தன. டைனோவுக்குப் போட்டியாக இருந்ததெல்லாம் பட்டினியில் ஒடுங்க, காலி இடத்தில் அது குடியேறிவிட்டது. துகளை எடுத்துவிட்டு, மூன்று நாள் தொட்டியைப் போர்வையால் மூடி, தீனியைக் கூட்டி, பாஸ்பேட்டை மறுபடி ஏற்றி, மீண்டு வர இரண்டு மாதம் ஆனது. பாசியை ஒழிக்க வந்தவன் பாசிக்குச் சாப்பாடு போட்டேன்.

அப்புறம்தான் கீட்டோ, முழுப் பெயர் கீட்டோமார்ஃபா. சென்னை கொளத்தூரிலிருந்து ஒரு கைப்பிடி, ஈரக் காகிதத்தில் சுற்றி வந்தது. பாத்திரம் தேய்க்கும் பச்சை நைலான் நார் மாதிரியே இருக்கும். அப்பத்தா பார்த்துவிட்டு, "ஏய்யா, தெப்பக்குளத்துல சும்மா கெடக்குறதக் காசு குடுத்தா வாங்குவாக?" என்றது. விஷயம் எளிது. சம்ப்பில் ஒரு பாசி வேகமாக வளர்ந்தால், மேலே தொட்டியில் நூல் பாசிக்குச் சாப்பாடு மிஞ்சாது. வளர்ந்ததில் பாதியைப் பிய்த்து வெளியே போட்டால், அது தின்ற நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதோடு போய்விடும்.

முதல் ஆறு வாரம் அது ஒன்றும் செய்யவில்லை, உண்மையைச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் பழைய பல் பிரஷ்ஷும் உறிஞ்சு குழாயும்தான் வேலை செய்தன. பிறகு பிடித்துக்கொண்டது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதி உருண்டையைப் பிழிந்து சமையலறைத் தராசில் வைப்பேன், 90 கிராம் பக்கம் இருக்கும். இரண்டாம் வருடச் சித்திரையிலும் அதே கூட்டம், அதே பிள்ளைகள், அதே தீனி. நான் சோதனைக் கிட்டைத் தொடவில்லை. பத்து நாளில் கீட்டோ சம்ப் அறையை அடைத்துக்கொண்டு நின்றது. அந்த முறை 200 கிராமுக்கு மேல். பாறையில் ஓரிரண்டு குஞ்சம், அவ்வளவுதான்.

நான் கீட்டோ பக்கம் நிற்பது இந்தப் பராமரிப்புக் கணக்கால்தான். துகள் என்னிடம் கேட்டது தேதியும் சோதனையும். தவறவிட்டால் சத்தமில்லாமல் கைவிட்டது. கீட்டோ பெருத்தால் அறுக்கச் சொல்கிறது, சாப்பாடு குறைந்தால் வெளிறிப் போகிறது. இரண்டையும் கண்ணாலேயே பார்க்கலாம். பூஜ்யத்துக்கு இழுத்துக்கொண்டு போவதும் அபூர்வம், ஏனென்றால் அதற்குள் அதன் வளர்ச்சியே நின்றுவிடும்.

மின்சாரமும் இந்தக் கணக்கில் சேர்த்தி. 10 வாட் வெள்ளை எல்இடி, இரவு 9 முதல் காலை 9 வரை. ஈபி பில்லில் இரண்டு மாதத்துக்கு ஏழு யூனிட் சொச்சம். மேலே விளக்கு அணைந்த நேரத்தில் கீழே எரிவதால் இரவில் பிஹெச் விழுவதும் குறையும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9-லிருந்து மாலை 5 வரை கரண்ட்டை நிறுத்தும் நாளில் கீட்டோவுக்கு எந்த நஷ்டமும் இல்லை, அது அதன் தூங்கும் நேரம். மூடிய ரியாக்டர் குழாய் அப்படியல்ல. எட்டு மணி நேரம் தேங்கிய தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்திருக்கும். அதைக் கொட்டிவிட்டுத்தான் நான் மறுபடி ஓடவிடுவேன், வேலையிலிருந்து ஓடி வந்து.

எல்லாப் புகழையும் கீட்டோவுக்கே கொடுக்க முடியாது. இரண்டாம் வருடத்தில் தொட்டிக்கும் வயது கூடியிருந்தது, டிஐ ரெசினும் இடையில்தான் வந்தது. எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல என்னிடம் இரண்டாவது தொட்டி இல்லை.

நத்தைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடிப் படலத்தை நன்றாக மேயும். நீண்டுவிட்ட நூல் பாசியை என் நத்தைகள் சீண்டவில்லை, சயனோவைத் தொடவே இல்லை. இரவில் ஸொயாந்தஸைத் தள்ளிவிடும். நாலைந்து போதும், இருபது வாங்கினால் பட்டினியில் சாகும், செத்தது மறுபடி பாசிக்கு உரம். ஸ்க்ரப்பர் என்று, வலையில் பாசி வளர்த்துச் சுரண்டும் அமைப்பும் உண்டு. நண்பர் வீட்டில் ஒன்று ஓடுவதைப் பார்த்திருக்கிறேன், நன்றாகத்தான் இருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை.

பிய்த்த கீட்டோவைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். சாக்கடையிலோ, கடலுக்குப் போகும்போது அங்கேயோ விடாதீர்கள். வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற பாசி மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேலேயே படர்ந்ததை, நம் காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் எழுதினார்கள்.

சம்ப் இல்லாத சின்னத் தொட்டி என்றால் கீட்டோவுக்கு இடம் இருக்காது, துகள்தான் வழி. ரியாக்டர் வேண்டாம். டப்பாவில் சொன்ன அளவில் கால் பங்கை வலைப்பையில் கட்டி, தண்ணீர் ஓடும் இடத்தில் தொங்கவிடுங்கள். வாரம் ஒருமுறை சோதித்து, 0.03-க்குக் கீழே இறங்கினால் பையை வெளியே எடுத்துவிடுங்கள்.